சூரை மீனின் ஆறாவது துண்டு

மத்தியானம் சாப்பிட உட்காருகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. பசிக்குச் சாப்பிடுகிறவர்கள் முதல் இனம். அவர்களைப் பற்றி எழுத எதுவுமில்லை. வந்தார்கள், தின்றார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது இனம், கொடுத்த விலைக்குச் சாப்பிடுகிறவர்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் தராசு வயிற்றுக்காரர். மற்றவர்களுக்கு இரைப்பை இருக்கிற இடத்தில் இவர்களுக்கு ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் பணம், மறு தட்டில் மீன். முள் நடுவில் வந்து நிற்கும்வரை மென்றுகொண்டே இருப்பார்கள்.

பார்க்க வேண்டுமானால் நுமாசு துறைமுகத்துக்குப் பின்னால் மீன் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் தெருவுக்குக் காலை பத்தரை மணிக்குப் போங்கள். கடைக்குக் கடை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். உள்ளே அன்றைய சாப்பாடு முழுவதையும் பிளாஸ்டிக்கில் செய்து வைத்திருப்பார்கள்: சோற்றுக் கிண்ணம், மிசோ சூப், ஊறுகாய், வெட்டி அடுக்கிய பச்சை மீன், சூப்பில் மிதக்கும் வெங்காயத்தாள் உட்பட. முதல் இனத்தார் அதைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, உதடு அசைய, விரலால் காற்றில் கோடு போட்டபடி ஒருவர் நிற்கிறாரே, அவர்தான் நம்மாள். பசியோடு பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள்.

எண்ணுகிறார்.

சூரை ஆறு, சங்கரா மூன்று, கணவாய் மூன்று, இறால் ஒன்று, நெத்திலிக் குஞ்சு ஒரு கைப்பிடி. மனதுக்குள் குறித்துக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பார். தட்டு வந்ததும் கைகூப்பி நன்றி சொல்வது ஊர் வழக்கம். நம்மாள் மற்றவர்களைவிட நீளமாகக் கைகூப்புவார். பக்தி என்று பக்கத்து மேசைக்காரர் நினைத்துக்கொள்வார், ஆனால் அந்த நேரத்தில்தான் எண்ணிக்கை சரிபார்க்கப்படுகிறது. பிறகு மீனைத் தின்பார். மீனுக்கு அடியில் மெத்தையாகப் போட்ட முள்ளங்கித் துருவலைத் தின்பார். அழகுக்குச் செருகிய இலையைத் தின்பார், அதன்மேல் வைத்த பூவைத் தின்பார். மீனுக்கு நடுவே நட்டு வைத்த பச்சைப் பிளாஸ்டிக் தாளை மட்டும் விட்டுவைப்பார். அதையும் ஒருமுறை கடித்துப் பார்த்த பிறகுதான். சோறு எத்தனை கிண்ணம் கேட்டாலும் இலவசம் என்று சுவரில் எழுதியிருந்தால், அது தனக்கு அனுப்பிய ஓலை என்று எடுத்துக்கொண்டு நான்காவது கிண்ணத்துக்குக் கை நீட்டுவார். கடைசியில் தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, தீர்ப்பு சொல்வார்.

"இந்த விலைக்கு, இது பரவாயில்லை."

இதைவிடப் பெரிய பாராட்டு அந்த வாயிலிருந்து வந்ததில்லை, வரப்போவதுமில்லை.

இந்த இனத்தின் தலைசிறந்த உதாரணம் குராஹாஷி. வயது ஐம்பத்தாறு, நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் மீட்டர் கணக்குப் பார்க்கிறவர். சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருப்பார். இருபத்தெட்டு வருஷமாகத் தின்ற மத்தியானச் சாப்பாடு அத்தனைக்கும் ஐந்துக்கு இவ்வளவு என்று அதில் மதிப்பெண் உண்டு. எங்கள் பக்கத்தில் மூன்று புள்ளி இரண்டு என்றால் நல்ல கடை என்று பொருள். மூன்று புள்ளி ஐந்து என்றால் மாமியாரை அழைத்துக்கொண்டு போகலாம். குராஹாஷி தன் ஆயுளில் அதிகபட்சமாகப் போட்டது மூன்று புள்ளி ஆறு; அதுவும் கடைக்காரர் தவறுதலாக இரண்டு இறால் வைத்துவிட்ட நாளில். ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று அலுவலகத்தில் யாரோ கேட்டபோது, நாலு போட்டுவிட்டால் அப்புறம் அந்தக் கடைக்காரன் எதற்காக உழைப்பான் என்று திருப்பிக் கேட்டாராம். 

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பீர்கள். அவருடைய ஒரே மகள் கோஹாருவைக் கேளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் கோஹாரு ஒரு பையனை அப்பாவுக்கு அறிமுகம் செய்தாள். நூடுல்ஸ் கடையில் சந்திப்பு. பையன் சூப்பைப் பாதி மிச்சம் வைத்தான். குராஹாஷி அதை எட்டிப் பார்த்து, அந்தச் சூப்புக்கு எலும்பை எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்திருப்பார்கள், கேஸ் என்ன ஆகும், மிச்சம் வைத்தது எத்தனை யென் பெறும் என்று பொறுமையாக விளக்கினார். பையன் மரியாதையாகத் தலையாட்டினான். கழிப்பறைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தான். இன்னும் வரவில்லை.

ஆகவே இரண்டாவது பையனை அழைத்துவரும் முன் கோஹாரு அப்பாவை உட்காரவைத்துச் சத்தியம் வாங்கினாள். எண்ணக்கூடாது. விலையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. 'இந்த விலைக்கு' என்ற சொல் வாயிலிருந்து வரவே கூடாது. நோட்டு வீட்டிலேயே இருக்க வேண்டும்.

"ஒரே ஒரு வார்த்தை, அப்பா. ஒரே ஒரு வார்த்தை வந்துச்சுன்னாலும் அப்படியே எழுந்து நேரா நகராட்சி ஆபீசுக்குப் போயி, நாங்க ரெண்டு பேரும் கல்யாணப் பதிவுல கையெழுத்துப் போட்டுட்டு ஒசாகாவுக்குப் போயிடுவோம். உங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு கிடையாது. வருஷப் பிறப்புக்கு ஒரு கார்டு வரும், அவ்வளவுதான்."

குராஹாஷி பயந்துதான் போனார். மகள் போய்விடுவாள் என்பதற்குத்தான். கல்யாணச் சாப்பாடு இல்லை என்பது அதற்கு ஒரு விரற்கடை பின்னால்தான் வந்தது. அதற்கு நான் சாட்சி சொல்வேன். சத்தியம் செய்தார்.

சந்திப்பு மீன் சாப்பாட்டுக் கடையில் என்று முடிவாயிற்று. மேலைக்காற்று என்று பெயர் உள்ள கடை. ஒரு நாளைக்கு இருபது தட்டு மட்டும் போடுகிற விசேஷச் சாப்பாடு, தலைக்கு இரண்டாயிரத்து நானூறு யென். பதினொன்றரைக்குக் கடை திறக்கும். குராஹாஷி ஒன்பதே முக்காலுக்கே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றுவிட்டார். வரிசையில் நிற்கக்கூடாது என்று சத்தியத்தில் இல்லை. கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பக்கூடாது என்று கடலைப் பார்த்தபடியே நின்றார். ஒரு மணி நேரம் நின்றார். பிறகு எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த லாரியின் கண்ணாடியில் பெட்டி தெரிகிறது என்பதை, முற்றிலும் தற்செயலாக, கண்டுகொண்டார்.

சூரை ஆறு.

பையன் பெயர் யுசுரு. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. ஒல்லியாக, காது சிவக்கிற ஜாதி. இஸ்திரி போட்ட சட்டையில் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. குராஹாஷியை 'சார்' என்றான். ஒவ்வொரு சாருக்கும் ஒரு தடவை குனிந்தான். நாலு பேரும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தார்கள்: குராஹாஷிக்கு எதிரே பையன், பக்கத்தில் மனைவி நோபுயோ, மூலையில் கோஹாரு. நோபுயோவைப் பற்றி இதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் இருபத்தெட்டு வருஷமாக ஒன்றும் சொல்லவில்லை. கணவர் கணக்குச் சொல்லும்போதெல்லாம் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார். அதனாலேயே அவருக்கு அந்த ஊர்ப் பறவைகளெல்லாம் அத்துபடி.

தட்டுகள் வந்தன. கைகூப்பினார்கள். குராஹாஷி கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் கைகூப்பினார். ஆனால் கண்ணை எப்போதாவது திறந்துதானே ஆகவேண்டும்?

சங்கரா மூன்று. கணவாய் மூன்று. இறால் ஒன்று. சூரை ஐந்து.

மறுபடி எண்ணினார். ஐந்து. முள்ளங்கித் துருவலைச் சாப்பாட்டுக் குச்சியால் மெல்ல விலக்கிப் பார்த்தார், ஒன்று அடியில் பதுங்கியிருக்குமோ என்று. பதுங்கவில்லை. மனைவி தட்டை ஓரக்கண்ணால் பார்த்தார்: ஆறு. மகள் தட்டு: ஆறு. பையன் தட்டு தள்ளி இருந்தது. எட்டிப் பார்த்தால் மாட்டிக்கொள்வார். இருபது தட்டில் பத்தொன்பது சரியாக இருந்து, ஒன்றே ஒன்று குறைந்து, அந்த ஒன்று நாட்டிலேயே அதை எண்ணக்கூடிய ஒரே மனிதர் முன்னால் வந்து, அவர் வாயைத் திறக்கக்கூடாத ஒரே நாளில் வந்தது என்றால், மனிதர் என்னதான் செய்வார்?

"இன்னைக்குக் கடல் கொஞ்சம் கொந்தளிப்புப் போல," என்றார் குராஹாஷி, மீன்வரத்துக் குறைவை யாராவது தாங்களாகவே கிளப்பட்டும் என்று.

"இல்லயேப்பா. கண்ணாடி மாதிரி இருக்கே," என்றாள் கோஹாரு, சிரித்துக்கொண்டே. சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது.

ஐந்து துண்டையும் தின்றார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என்ன தின்றோம் என்று தெரியாமல் தின்றார். பூவை விட்டுவிட்டார். இலையை விட்டுவிட்டார். நோபுயோ ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்துக் கணவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பையனுக்கோ உயிர் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் தன் தட்டையே வெறிக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் அவன் நினைத்தான். பல் செய்யும் விதத்தைப் பற்றிச் சொன்னான், பதில் இல்லை. தன் அம்மாவின் உடல்நிலை பற்றிச் சொன்னான், பதில் இல்லை. வேறு வழியில்லாமல் இரண்டாவது கிண்ணம் சோறு கேட்டான். குராஹாஷி சட்டென்று நிமிர்ந்தார். பரவாயில்லையே என்று தோன்றியது. ஆனால் நிமிர்ந்ததில் பையனின் தட்டு முழுசாகக் கண்ணில் பட்டுவிட்டது. எல்லாவற்றையும் துடைத்துத் தின்றிருந்தான். முள்ளங்கித் துருவல்கூட இல்லை. ஆனால் தட்டின் ஓரத்தில், தனியாக, ஒரு துண்டு சூரை. தொடப்படாமல்.

மிச்சம் வைக்கிறான்.

சூப்பை மிச்சம் வைத்தவனையாவது மன்னிக்கலாம், அது தண்ணீர். இது சூரை. அதிலும் வயிற்றுப் பக்கத்துச் சதை, வெண்கோடு ஓடுகிறது. தனக்கு ஒன்று குறைந்த நாளில், எதிரே ஒருவன் ஒன்றை ஒதுக்கி வைக்கிறான். பரிமாறுகிற அம்மாள் ஒவ்வொரு மேசையாக வெறும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருகிறாள். இரண்டு மேசை தள்ளி இருக்கிறாள். ஒரு மேசை தள்ளி இருக்கிறாள்.

இந்த நேரம் பார்த்து யுசுரு குச்சியை நேராக வைத்தான். முதுகை நிமிர்த்தினான். ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று ஒப்பித்ததை ஆரம்பித்தான். கோஹாருவை இரண்டு வருஷமாகத் தெரியும் என்றான், தன் சம்பளம் பெரிது இல்லை என்றான், ஆனால் அவளை வருத்தப்படாமல் பார்த்துக்கொள்வேன் என்றான், சம்மதம் வேண்டும் என்று மேசையில் நெற்றி படக் குனிந்தான். நல்ல பேச்சு. பக்கத்து மேசைக் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்க வேண்டியவர் மட்டும் ஒரு எழுத்தும் கேட்கவில்லை. அவர் கண் சூரையில் இருந்தது.

"அப்பா. பதில் சொல்லுங்க," என்றாள் கோஹாரு.

குராஹாஷி விழித்தார். என்ன கேள்வி என்று தெரியவில்லை. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள். பரிமாறுகிற அம்மாள் மேசைக்கு வந்துவிட்டாள், கை நீள்கிறது. வாயைத் திறந்தார். ஒரு மணி நேரமாக உள்ளே அடைத்து வைத்திருந்தது தானாக வெளியே விழுந்தது.

"எனக்கு அஞ்சுதான் வச்சிருந்தாங்க."

கோஹாரு கைப்பையை எடுத்தாள். கோபப்படக்கூட இல்லை, அதுதான் குராஹாஷியைப் பயமுறுத்தியது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். நகராட்சி அலுவலகம் அங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம்.

"ஆமா சார்," என்றான் யுசுரு, குனிந்த தலையை நிமிர்த்தாமலே. "எனக்கு ஏழு வந்துச்சு."

கோஹாரு பாதி எழுந்தபடியே நின்றாள்.

"வெளிய பெட்டியில ஆறு. உங்க தட்டுல அஞ்சு, என் தட்டுல ஏழு. உள்ள வைக்கும்போது உங்களது ஒண்ணு இங்க விழுந்திருக்கு சார். அதான் எடுக்காம ஓரமா வச்சிருக்கேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நீ எண்ணினியா?" கோஹாருவின் குரல் அடியாழத்திலிருந்து வந்தது.

"பல்லு செய்றவன் எண்ணாம இருந்தா வாய் மூடாது, கோஹாரு."

"ரெண்டு வருஷமா எங்கிட்ட சொல்லலயே நீ."

"ரெண்டு வருஷமா நீ உங்கப்பாவைப் பத்தித்தானே சொல்லிட்டிருந்தே. அதைக் கேட்டுட்டு நான் எப்படிச் சொல்வேன்?"

குராஹாஷிக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னந்தனியாகத் தீவில் இருபத்தெட்டு வருஷம் கிடந்தவனுக்குக் கரையில் இன்னொரு மனிதனின் கால்தடம் தெரிந்தது மாதிரி. பையன் அந்தத் துண்டைக் குச்சியால் எடுத்தான். அவருடைய சிறு தட்டில் வைக்கத்தான் எடுத்தான். ஆனால் மேசை அகலம், மீன் வழுக்கும், கீழே சோயா சாஸ் கிண்ணம். விழுந்துவிடப் போகிறதே என்று பதறிக் குராஹாஷியின் குச்சி முன்னால் பாய்ந்து, அந்தரத்திலேயே துண்டைக் கவ்வியது.

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

எங்கள் ஊரில் குச்சியிலிருந்து குச்சிக்கு ஒரு பொருளை மாற்றுவது ஒரே ஒரு இடத்தில்தான்: சுடுகாட்டில், எரிந்து முடிந்தவரின் எலும்பைப் பொறுக்கிச் சாடியில் போடும்போது. சாப்பாட்டில் அதைச் செய்யக்கூடாது என்பது மூன்று வயதில் புறங்கையில் அடி வாங்கிக் கற்றுக்கொள்கிற பாடம். குடிகாரன்கூட மறக்க மாட்டான். இங்கே கல்யாணப் பேச்சு நடந்த மேசையில் வருங்கால மாமனாரும் மருமகனும், பட்டப்பகலில், கால் பிடித்து ஒருவர் தலை பிடித்து ஒருவர் என்கிற மாதிரி ஒரு சூரைத் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து மேசைக் கிழவி எதையோ முணுமுணுத்து ஜெபித்தாள். பரிமாறுகிற அம்மாள் அடுக்கிய தட்டுகளோடு ஒரு அடி பின்வாங்கினாள்.

விட்டுவிடலாமே என்பீர்கள். விட்டால் சோயா சாஸில் விழும். இருநூறு யென் பெறுமான மீன். இரண்டு பேருக்கும் அது தெரியும். இரண்டு பேருமே விடவில்லை.

"தட்டுல வைங்க," என்றார் நோபுயோ.

வைத்தார்கள். வைத்தபிறகு அதை யார் தொடுவது? மணப்பெண் தொடலாமா? மாப்பிள்ளை தொடலாமா? குராஹாஷியே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்தத் துண்டு தட்டின் நடுவில் சின்னதாக ஒரு பிணம் மாதிரி கிடந்தது. நோபுயோ தன் குச்சியை எடுத்தார், அதைச் சாஸில் தோய்த்தார், வாயில் போட்டு நிதானமாக மென்றார். அவருக்கு அது ஏழாவது துண்டு.

"எனக்கெல்லாம் நடக்க வேண்டியது என் கல்யாணத்தன்னிக்கே நடந்து முடிஞ்சிருச்சு," என்றார் மென்றபடி. "இனிமே எனக்கு என்ன கெட்டது வரப்போவுது. நல்லாத்தான் இருக்கு மீன்."

கிழவி முதலில் சிரித்தாள். பிறகு கடை மெல்லத் தன் தட்டுகளுக்குத் திரும்பியது. யுசுருவின் காது இரண்டும் இறால் நிறத்தில் இருந்தன.

"மன்னிச்சிடுங்க மாமா," என்றான். சார் எப்போது மாமா ஆனது என்று அவனுக்கே தெரியவில்லை. சொன்னபிறகு விறைத்துப் போனான். பெண்ணைக் கொடுக்கும் முன்னே மாமா என்றால் எழுந்து போகிற அப்பாக்கள் உண்டு.

குராஹாஷி அவனுடைய கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"சோறு எத்தனை கிண்ணம் ஆச்சு?"

"ரெண்டு மாமா."

"மூணாவதும் இலவசம்தான்," என்றார் குராஹாஷி. "கூச்சப்படாமக் கேளுங்க மாப்பிள்ளை."

இதைவிடத் தெளிவாக ஒரு தகப்பன் எப்படிச் சம்மதம் சொல்வது? கோஹாரு பொத்தென்று உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுதாளா, சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவரிடமிருந்து தப்பிக்க ஓடி, அதே ஆளின் இளவயதுப் பதிப்பின் மடியில் போய் விழுந்தவள் இரண்டில் எதைச் செய்தாலும் நியாயம்தான். சற்று நேரம் கழித்து, முகத்திலிருந்து கையை எடுக்காமலே, பரிமாறுகிற அம்மாளைக் கூப்பிட்டாள்.

"எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டாங்க. இலவசம்தானே."

வீடு திரும்பும் பஸ்ஸில் குராஹாஷி காலுறைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சத்தியம் செய்த அதே நோட்டு. மூன்று புள்ளி எட்டு என்று எழுதினார். சரித்திரத்தில் இல்லாத எண். அதற்குக் கீழே மாப்பிள்ளை, மூன்று புள்ளி மூன்று, வளர இடமிருக்கிறது என்று எழுதினார். நோபுயோ ஜன்னலை விட்டுத் திரும்பி அதைப் படித்தார்.

"நானும் உங்களுக்கு ஒண்ணு போட்டு வச்சிருக்கேங்க," என்றார்.

குராஹாஷியின் பேனா நின்றது. "எவ்வளவு?"

"ரெண்டு புள்ளி ஒன்பது."

"அவ்வளவுதானா?"

"அளவு கம்மி, சத்தம் ஜாஸ்தி. பக்கத்துல வேற கடை இல்லாததால தொடர்ந்து போயிட்டிருக்கேன்."

குராஹாஷி நோட்டைக் காலுறைக்குள் திருப்பிச் செருகினார். மூன்றாவது நிறுத்தத்தில் மெதுவாகக் கேட்டார். "கல்யாணம் ஆன புதுசுல எவ்வளவு போட்டே?"

"ரெண்டு புள்ளி அஞ்சு."

அதைக் கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் புள்ளி நாலு ஏற்றம். இந்த விலைக்கு, இது பரவாயில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, நல்லவேளை நான் இந்த இனமில்லை என்று சிரித்துக்கொள்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் இத்தனை பக்கம் படித்ததற்கு எத்தனை இடத்தில் சிரிப்பு வந்தது, அதில் எத்தனை வாய்விட்டு, எத்தனை வெறும் உதட்டில், செலவான நேரத்துக்குக் கட்டுப்படியாகுமா என்று உங்களுக்குள் ஒரு முள் ஆடிக்கொண்டிருக்கிறதே, அது என்ன முள்? பரவாயில்லை, மூன்று புள்ளி இரண்டு போடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். போட்ட கையோடு, உங்களுக்கு எவ்வளவு என்று வீட்டில் போய்க் கேட்டுவிடாதீர்கள். அங்கே வெகுநாளாக எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள்.